ரெண்டு எண் சொன்னா, இடத்தைச் சொல்லியாச்சு

தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் மூணாப்பு, நாலாப்பு, அஞ்சாப்பு படிக்கிற பிள்ளை இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். இதில் சொல்லியிருப்பதெல்லாம் நம் வள்ளியூர் வட்டாரத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்தவை. சாக்பீஸ், கயிறு, கோலப்பொடி, ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

நம் பாடப்புத்தகத்தில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'புவி மாதிரி' என்று ஒரு பாடம் வரும். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு அங்கேதான் விரிவாக அறிமுகம். பிறகு ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 'ஆயத்தொலை வடிவியல்'. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, ஆதிப்புள்ளி எல்லாம் அங்கே விரிவாக வரும். முதலாவதைச் சமூக அறிவியல் ஆசிரியர் எடுப்பார், இரண்டாவதைக் கணக்கு ஆசிரியர் எடுப்பார். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல நடுவில் ஆள் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். (3, 5) என்ற புள்ளியை அழகாகக் குறிப்பார்கள். ஆனால் செல்போன் மேப்பில் வரும் 8.38, 77.61 என்பதும் அதே வகைப் புள்ளிதான், அது நம்ம ஊர்தான் என்றால் ஆச்சரியப்படுவார்கள்.

ஒரு இடத்தைச் சொல்ல இரண்டு எண் வேண்டும், இரண்டு போதும் என்ற அறிவை மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. தாளில் தொடங்க வேண்டாம், தரையில் தொடங்கலாம். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை. நம் வாசலிலும் வயலிலும் கடலிலும் ஏற்கனவே இந்தக் கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் ஒரு புள்ளி

குழந்தைகள் இடத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு எளிய சோதனை வைத்திருந்தார்கள். ஒரே அளவில் இரண்டு தாள். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றது வெறும் தாள். புள்ளி முதல் தாளில் எங்கே இருக்கிறதோ, இரண்டாவது தாளிலும் சரியாக அங்கேயே வைக்க வேண்டும். அளக்க ஸ்கேல் உண்டு. சின்னப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே வைத்துவிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை ஒரே ஒரு அளவு எடுக்கும். எட்டு, ஒன்பது வயது வாக்கில்தான் இரண்டு அளவு எடுக்க வேண்டும் என்பது பிடிபடுகிறது. எட்டு, ஒன்பது வயது என்றால் மூணாப்பும் நாலாப்பும்தான்.

இதை வகுப்பில் செய்யும்போது பார்க்க வேண்டும். ஒரு பையன் தாளின் மூலையில் ஸ்கேலின் சைபரை வைத்துப் புள்ளி வரைக்கும் சாய்வாக அளந்தான். ஏழு சென்டிமீட்டர். அடுத்த தாளிலும் அதே மூலையில் சைபரை வைத்தான். ஏழில் புள்ளி வைக்கப் போகும்போது ஸ்கேல் லேசாக நகர்ந்தது. மறுபடி சரிசெய்தான், மறுபடி நகர்ந்தது. கொஞ்ச நேரம் ஸ்கேலை அந்த மூலையிலேயே வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஏழு எங்க வேணாலும் வருது" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த வகுப்பே. ஓர் அளவு மட்டும் தந்தால் புள்ளி ஒரு வளைவு முழுக்க எங்கேயும் இருக்கலாம். அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு அளவு வேண்டும். அவனாகவே அடுத்து இடது ஓரத்திலிருந்து எவ்வளவு, கீழ் ஓரத்திலிருந்து எவ்வளவு என்று அளந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு எண் ஏன் தேவை என்பது இப்படிக் கையில் பட்டுத் தெரிந்த பிள்ளைக்கு, பிறகு வரும் எல்லாமே சுலபம். ஏன் தேவை என்று தெரியாமல் எக்ஸ், ஒய் கற்ற பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடம்.

டைல்ஸ் தரையில் கட்டம்

இப்போது பல பள்ளிகளில் டைல்ஸ் தரை வந்துவிட்டது. டைல்ஸ் இல்லாவிட்டால் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்ளலாம். கீழ் ஓரத்தில் அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக 1, 2, 3, 4, 5. ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போது ஒரு முகவரி கிடைத்துவிட்டது. இ-4 இல் ஒரு புளியங்கொட்டை, ஆ-2 இல் ஒரு வேப்பங்கொட்டை. ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் போய் எடுக்க வேண்டும். கையை நீட்டிக் காட்டக் கூடாது, "அந்தா, அங்கன" என்று சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

எழுத்தையும் எண்ணையும் கலந்து வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. எது முதலில், எது பிறகு என்ற குழப்பம் வராது. 4-இ என்று மாற்றிச் சொன்னாலும் இடம் மாறாது. அதனால் மூன்றாம் வகுப்புக்கு இதுவே சரியான தொடக்கம். ரெண்டும் எண்ணாக இருப்பது அடுத்த படி.

அந்த அடுத்த படியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வரிசை மாறிப்போவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, நாம் அதை வெளிப்படையாகச் சொல்லித் தருவதில்லை. இ-4 என்பது ஒரு கட்டம், ஒரு பரப்பு. அதற்குள் கொட்டை எந்த மூலையில் கிடந்தாலும் இ-4 தான். (3, 4) என்பது ஒரு புள்ளி, இரண்டு கோடுகள் வெட்டும் இடம். முன்னதில் எண் கோடுகளுக்கு நடுவே எழுதியிருக்கும், பின்னதில் கோட்டின் மேலேயே எழுதியிருக்கும். முன்னதில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும், பின்னதில் சைபரில் தொடங்கும். கட்டத்தில் பழகிய பிள்ளை புள்ளிக்கு வரும்போது ஆதிப்புள்ளியையும் "ஒண்ணு" என்று எண்ணிவிடும். எல்லாப் புள்ளியும் ஒரு படி தள்ளிப் போய்விடும். இந்த மாற்றத்துக்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கினால் தகும்.

கோலப்புள்ளி

அந்த வாரத்துக்குக் கோலத்தை விடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. கோலத்தில் எல்லாமே புள்ளிதான், கட்டம் கிடையாது. நேர்ப்புள்ளி வைத்தால் சதுரமாக வரும், ஊடுபுள்ளி வைத்தால் ஒன்றுவிட்டு ஒன்று நடுவில் வரும். நமக்கு நேர்ப்புள்ளி போதும். ஆறு புள்ளி, ஆறு வரிசை. இடது கீழ் மூலைப் புள்ளிதான் சைபர், சைபர். அங்கே ஒரு பூ வைத்துவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருத்தியிடம் வரைந்த கோலம், இன்னொருத்தியிடம் வெறும் புள்ளிகள். முதலாமவள் எண்களை மட்டும் சொல்ல வேண்டும், மற்றவள் கோட்டை இழுக்க வேண்டும். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வகுப்பே சத்தக்காடாகிவிடும். "ஏட்டி, ரெண்டுன்னா எந்தப் பக்கம் ரெண்டு?" என்று கேள்வி வரும். எந்தப் பக்கம் முதலில் என்று இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலை நடக்காது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். விதியை ஆசிரியர் திணிக்கவில்லை, தேவைப்பட்டு அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

கோலத்தைக் கணக்காகப் பார்ப்பது புதிதும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், அவரோடு ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவை எந்த விதிகளால் உருவாகின்றன என்று கணினி அறிவியல் ஆய்வு செய்தார்கள். அந்தக் கட்டுரைகள் இன்றைக்கும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அம்மா வாசலில் போடுவது அத்தனை கனமான விஷயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பையன்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கோலம் பொட்டப்பிள்ளை வேலை என்று ஒதுங்கி நின்ற பையன்கள், எண் சொல்லி வரைகிற ஆட்டம் என்றதும் முதல் ஆளாக வந்து உட்காருகிறார்கள்.

முதல்ல நட, அப்புறம் ஏறு

வரிசையைப் பழக்க நான் சொல்வது பனை மரத்தைத்தான். பனையேறுகிறவர் முதலில் மரத்தடிக்கு நடந்து போவார், அதற்கப்புறம்தான் ஏறுவார். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். (3, 5) என்றால் மூணு நட, அஞ்சு ஏறு.

விதியைச் சொன்னால் போதாது, மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு படகு. இந்தப் புள்ளிகளை வரிசையாக இணைக்கச் சொல்லுங்கள்: (1, 2), (2, 1), (4, 1), (5, 2), மறுபடி (1, 2). படகின் உடல் வந்துவிட்டது. இப்போது (3, 2) இலிருந்து (3, 5) வரைக்கும் ஒரு கோடு. பாய்மரம். இதே எண்களை நடப்பதையும் ஏறுவதையும் மாற்றிப் போட்டு இன்னொரு தாளில் வரையச் சொல்லுங்கள். படகு முனையில் செங்குத்தாக நிற்கும், பாய்மரம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு படுத்துவிடும். எது தப்பு என்று ஆசிரியர் சிவப்பு மை போட வேண்டியதில்லை, படகே சொல்லிவிடும். பூவோ நட்சத்திரமோ இப்படிக் காட்டிக்கொடுக்காது. எப்படித் திருப்பினாலும் அவை ஒரே மாதிரி இருக்கும். அதனால் தலைகால் உள்ள உருவமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மேலத்தெரு எந்தப் பக்கம்?

இது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல். நாம் மேற்கை 'மேல' என்கிறோம், கிழக்கைக் 'கீழ' என்கிறோம். மலை இருப்பது மேற்கே, நிலம் சரிந்து போவது கிழக்கே கடலை நோக்கி. ஊருக்குள் நிற்கிறவரைக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் மேப்பில் மேலே இருப்பது வடக்கு. மேலத்தெருவைக் குறி என்றால் நாலாப்புப் பிள்ளை தாளின் உச்சியில் கொண்டுபோய்க் குறிக்கிறது. இது கவனக்குறைவு இல்லை. நாம் சொல்லிக்கொடுத்த வார்த்தையைத்தான் அது நம்பியிருக்கிறது.

மேப்பைச் சுவரில் மாட்டாமல் தரையில் விரித்துப் போட்டால் தீர்ந்தது. தாளின் வடக்கை நிஜ வடக்குப் பக்கம் திருப்பி வையுங்கள், பிள்ளைகளை அதைச் சுற்றி உட்கார வையுங்கள். மேலத்தெரு தாளிலும் மேற்கேதான் இருக்கும், நிஜத்திலும் மேற்கேதான் இருக்கும். பழகின பிறகு சுவரில் ஏற்றிக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகளிடம் திசையறிவு குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990களில் நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு செய்தார். ஒரே தமிழைப் பேசினாலும் சிலர் இடம், வலம் என்று சொல்கிறார்கள், கிராமப்புறத்தில் பலர் கண்முன் இருக்கும் சின்னப் பொருளைக்கூட வடக்கே, தெற்கே என்று சொல்கிறார்கள் என்பதை அவர் பதிவு செய்தார். ஆள் திரும்பி நின்றாலும் வடக்கு வடக்குதான். "செம்ப கொஞ்சம் வடக்க தள்ளி வை" என்று சொல்லும் ஆச்சியோடு வளர்கிற பிள்ளைக்கு அச்சுகள் ஏற்கனவே மனதுக்குள் இருக்கின்றன. அதில் எண் எழுதித் தருவது மட்டும்தான் நம் வேலை.

சர்வேயர் செய்வதும் இதுதான்

நான்காம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். நம் ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும் வீட்டில் எல்லாம் எஃப்.எம்.பி. என்று சொல்கிற புலப்படம் ஒன்று இருக்கும். பட்டா, சிட்டா எடுக்கிற அதே அரசு இணையதளத்தில் இதையும் இறக்கிக்கொள்ளலாம். அதில் வயலின் வரப்பு வளைந்து வளைந்து போகும். நடுவில் நேராகச் சில கோடுகள் ஓடும், அவற்றின் மேலே எண்கள் இருக்கும். சர்வேயர்கள் அந்தக் கோட்டை ஜி லைன் என்பார்கள். அளக்கிறவர் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நேராகச் சங்கிலி பிடிப்பார். வரப்பு திரும்பும் ஒவ்வொரு இடத்துக்கும், கோட்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், அங்கிருந்து செங்குத்தாக வலப்பக்கமோ இடப்பக்கமோ எவ்வளவு தூரம் என்று இரண்டு எண் எடுப்பார். அந்தப் பக்கவாட்டு அளவுக்கு ஆஃப்செட் என்று பெயர். இரண்டு எண், ஒரு இடம். எத்தனை கோணலான வயலையும் இப்படித் தாளில் இறக்கிவிடலாம்.

பள்ளி மைதானத்தில் இதைச் செய்வது எளிது. கொடிக்கம்பத்திலிருந்து வாசல் கேட் வரைக்கும் ஒரு கயிறு. மீட்டருக்கு ஒரு முடிச்சு. கொடிக்கம்பம்தான் சைபர். வேப்பமரம் எங்கே? ஒரு பிள்ளை கயிற்றின் மேலேயே நடந்து, மரத்துக்கு நேராக வந்ததும் நிற்க வேண்டும். எது 'நேர்' என்பதில் சண்டை வரும், வரட்டும். அட்டையில் வெட்டிய செங்கோணத்தைக் கயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சண்டை தீரும். பன்னிரண்டு மீட்டர் நடந்து, வலது நாலு. தண்ணீர்த் தொட்டி எட்டு நடந்து, இடது மூணு. எல்லாம் எழுதியானதும் கட்டம் போட்ட நோட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு கட்டம் என்று வைத்து வரைய வேண்டும்.

வலது, இடது இரண்டுக்கும் வேறு வேறு அடையாளம் வேண்டுமே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது குறை எண்ணைப் பற்றி ஒன்றும் நடத்த வேண்டாம். 'வ', 'இ' என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னாளில் சைபருக்கு அந்தப் பக்கத்து எண்ணைப் படிக்கும்போது, அது மைதானத்தில் ஏற்கனவே பார்த்த இடமாக இருக்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊர்களில் வரப்புத் தகராறு எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். புலப்படத்தைப் பார்த்துத் தன் வீட்டு நிலம் எங்கே திரும்புகிறது என்று வாசிக்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு யாருடைய வாய்வார்த்தையையும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

கடலில் சாலை கிடையாது

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கிழக்கும் தெற்கும் கடலோர ஊர்கள். அங்கே மூத்தவர்கள் மீன்படும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடித்த முறை எளிமையானது, ஆழமானது. கரையில் தெரியும் தேவாலயக் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் மலை உச்சியும் ஒரே நேரில் வர வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒரே நேரில் வர வேண்டும். இரண்டு நேர்கோடு வெட்டுகிற இடத்தில்தான் படகு நிற்கிறது. கோலத்தில் இரண்டு எண், வயலில் இரண்டு அளவு, இங்கே இரண்டு கோடு. கோடுகள் செங்குத்தாக வெட்ட வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை.

இன்றைக்குப் படகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைக் கரையிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்பதோடு அட்சம், தீர்க்கம் போட்டு அறிவிக்கிறது. எண்ணை வாசிப்பது அங்கே தொழில். ஆபத்து நேரத்தில் அது உயிர். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. கடலில் ஒருவரைத் தேட வேண்டுமென்றால் முதல் கேள்வி 'எங்கே' என்பதுதான். அதற்கு எண்ணைத் தவிர வேறு பதில் கிடையாது. கடலோரப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை யாரும் பரீட்சைக்காக மட்டும் நடத்திவிடக் கூடாது.

நம்ம ஊர் எண்: 8.38, 77.61

ஐந்தாம் வகுப்பில் பூமிக்கு வரலாம். வள்ளியூர் வடக்கே 8.38 பாகை, கிழக்கே 77.61 பாகை. இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். தாளில் முதலில் நடந்தோம், பிறகு ஏறினோம். பூமியில் வழக்கம் நேர்மாறு. அட்சம்தான் முதலில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு ஏற வேண்டும் என்பது. தீர்க்கம், அதாவது கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்பது பிறகு. பனைக்கு ஒரு வழக்கம், பூமிக்கு ஒரு வழக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால்தான் மேப்பில் வள்ளியூரைத் தேடி எங்கோ ஆர்க்டிக் பனிக்கடலில் போய் நிற்பார்கள்.

தென்கோடியில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. வடக்கே போகப் போக தீர்க்கக்கோடுகள் நெருங்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கோ, வடக்கே ஒரு பாகையும் கிழக்கே ஒரு பாகையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, சுமார் 110 கிலோமீட்டர். நம் கட்டம் ஏறக்குறைய சதுரம்தான். அதனால் அஞ்சாப்புப் பிள்ளையே கணக்குப் போடலாம். பாகையில் நூறில் ஒரு பங்கு என்றால் 1.1 கிலோமீட்டர். கன்னியாகுமரி 8.08. நமக்கும் அதற்கும் 0.30 வித்தியாசம், அப்படியென்றால் வடக்கு தெற்காக 33 கிலோமீட்டர். சாலை அதைவிட ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேளுங்கள். பதில் பிள்ளைகளிடமே இருக்கும்.

இன்னும் இரண்டு. குலசேகரன்பட்டினம் சுமார் 8.40, 78.05. நமக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே சுமார் 48 கிலோமீட்டரில் இருக்கிறது. தசராவுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு அந்த ஊர் தெரியும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதே, அது அமைவதும் அந்த ஊரில்தான். அடுத்தது, திருச்செந்தூர்க் கோயிலும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலும். ஒன்று கிழக்குக் கரை, ஒன்று மேற்குக் கரை, நடுவில் மலைத்தொடர். சுமார் 130 கிலோமீட்டர் இடைவெளி. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில், 8.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. வடக்கு தெற்கில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். இதைப் பிள்ளைகளே எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள். இரண்டு எண்ணை ஒப்பிட்டு, யாரும் சொல்லாத ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளை அந்தப் பாடத்தை விடவே விடாது.

இந்த எண்களுக்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறும் இருக்கிறது. பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் வேலை அங்கிருந்து வளர்ந்தது. தெற்கே இறங்கி வரும்போது தஞ்சைச் சமவெளியில் பார்வைக்கு மலை கிடைக்கவில்லை, கோபுரங்களைப் பயன்படுத்தினார்கள். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமானது. லாம்டன் பல வாரம் உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1818இல் வெளியிட்ட அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே அளவு தொடங்கும் அட்சம் இருக்கிறது: 8 பாகை, 9 நிமிடம், 38.4 வினாடி. கூடங்குளத்தின் அட்சத்தை ஒட்டிய எண் அது. இந்தியாவைத் தெற்கு வடக்காக அளந்த அந்தப் பெரிய கோட்டின் தென்முனை நம் பக்கத்து நிலம்.

அந்த அளவைகளின் மேல் எழுந்த இந்திய நில அளவைத் துறை வரைபடங்களுக்கு எண் கொடுத்த முறை, டைல்ஸ் கட்டத்தின் பெரிய வடிவம்தான். நாலு பாகைக்கு நாலு பாகைச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நம்முடையது 58. அதைப் பதினாறாக வெட்டி எழுத்துகள். நம்முடையது எச். அதை மறுபடி பதினாறாக வெட்டி எண்கள். வள்ளியூர் விழுவது 11இல். ஆக நம் ஊர் 58 எச்/11. ஒரு சார்ட் பேப்பரில் 58ஐ வரைந்து, மேற்கு ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக எழுத்துகளை நிரப்பச் சொல்லுங்கள். எச் கிடைத்ததும் அதைத் தனியாக இன்னொரு தாளில் பெரிதாக வரைந்து, அதே போல் எண்களை நிரப்பச் சொல்லுங்கள். திருநெல்வேலி 10இல் வரும், நாம் அதற்கு நேர் கீழே 11இல் வருவோம். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் கட்டம் என்று போவது பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கிறது.

ஒரு குச்சியும் நண்பகலும்

இதெல்லாம் ஃபோன் சொல்லும் எண்தானே, நிஜமா என்று பிள்ளை கேட்டால், சூரியனிடமே கேட்கச் சொல்லுங்கள். நம் அட்சம் 8.38. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது அதே பாகையில் தலைக்கு நேர் மேலே வரும் நாள் ஏப்ரல் 11ஐ ஒட்டி வருகிறது. திரும்பித் தெற்கே போகும்போது ஆகஸ்ட் கடைசி நாள்களில் மறுபடி வருகிறது. அன்றைக்கு நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது.

நண்பகல் என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கத்துக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே ஏறக்குறைய 4.9 பாகை தள்ளி இருக்கிறோம். பாகைக்கு நாலு நிமிடம் வீதம் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.20க்கு. அந்த நிமிடத்தில் குச்சியின் நிழல் அதன் அடிக்குள் போய்விடும். அட்சம் எந்த நாள் என்று சொல்லிவிட்டது, தீர்க்கம் எந்த நிமிடம் என்று சொல்லிவிட்டது. ஒரே குச்சியில் இரண்டு எண்ணும் சரிபார்க்கப்பட்டுவிட்டன. இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எந்தப் பள்ளிக்கும் தேவையில்லை.

கடைசியாகக் கேட்டுக்கொள்வது

மூன்றாம் வகுப்பில் டைல்ஸ் கட்டமும் தாள்-புள்ளி ஆட்டமும். நான்காம் வகுப்பில் கோலப்புள்ளி, படகு, மைதானத்தில் கயிறு. ஐந்தாம் வகுப்பில் தரையில் விரித்த மேப், நம் ஊர் எண், நிழலில்லா நாள். மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போட்டால் எந்தப் பாடத்துக்கும் இடைஞ்சல் வராது. கணக்கு, சமூக அறிவியல், அறிவியல் மூன்றிலும் இது பொருந்தும்.

பெற்றோர்களிடம் கேட்பது சின்னது. பிள்ளையோடு போகும்போது ஃபோனில் நீலப்புள்ளி ஓடுவதை மட்டும் காட்டாதீர்கள். அந்தப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வருகிற இரண்டு எண்ணையும் காட்டுங்கள். நாலு கிலோமீட்டர் வடக்கே போன பிறகு மறுபடி பார்த்து, எந்த எண் மாறியது, எது அப்படியே இருக்கிறது என்று கேளுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

ஆசிரியர்களிடம் கேட்பது கொஞ்சம் பெரிது. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தான் நிற்கும் இடத்தை வேறொருவர் தவறாமல் வந்து சேரும்படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வயலிலும் கடலிலும் நம் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்த வேலையை, உலகம் முழுவதும் புரிகிற எண்ணில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வயது எட்டும் ஒன்பதும். அந்த வயதுப் பிள்ளைகள் இன்றைக்கு நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரமே தரையில் அ, ஆ, இ, ஈ எழுதித் தொடங்குங்கள்.